ரெண்டரையா, நாலா, ஆறா? போர் மோட்டாருக்குக் கேபிள் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"போரை 700 அடிக்கு இறக்கியாச்சுங்க. மோட்டாரும் ஏழரை எச்பி ஆயிருச்சு. கேபிள் நாலு ஸ்கொயர் போதுமா, ஆறு போடோணுமா?"

பொங்கலூர், காங்கேயம், அவிநாசிப் பக்கத்தில் இந்தக் கேள்வி வராத கோடை கிடையாது. ஸ்கொயர் என்றால் கம்பியின் தடிமன்: அதன் குறுக்குவெட்டு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பது. கடையில் கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்வார், போர் இறக்குகிறவர் வேறொன்று சொல்வார், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் "நான் ரெண்டரைதான் போட்டிருக்கேன், ஓடுது" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஆழம் வேறு, அவரவர் மோட்டார் வேறு.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 450 அடியில் 5 எச்பி மோட்டார், ரெண்டரை ஸ்கொயர் கேபிள், பல வருடம் தொந்தரவே இல்லை. தண்ணீர் கீழே போனதும் போரை ஆழப்படுத்தி, மோட்டாரை 700 அடிக்கு இறக்கி, ஏழரை எச்பி ஆக்கினோம். குழாய் வாங்கினோம், மோட்டார் வாங்கினோம், ஸ்டார்ட்டர் மாற்றினோம். கேபிளுக்கு மட்டும் அதே ரெண்டரையில் ஒரு துண்டு வாங்கி ஜாயின்ட் அடித்துவிட்டோம். அடுத்தடுத்த ரெண்டு கோடையில் ரெண்டு தடவை காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) புதிதாகக் கட்டினோம். ரெண்டாவது தடவை காயில் கட்டுகிறவர்தான் கேட்டார்: "ஏனுங்க, கேபிளு அதுவேதானுங்களா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியைத் தூசி தட்டி எடுத்தேன். கணக்கு என்னவோ கால் மணி நேரம்தான். அதை முதலிலேயே போட்டிருந்தால் ரெண்டு காயில் கட்டும் செலவு மிச்சமாகியிருக்கும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கடையில் பொதுவாகக் காதில் விழுவது, "இந்தக் கேபிள் இத்தனை ஆம்ஸ் தாங்கும்" என்பது. ஏழரை எச்பி மோட்டார் இழுக்கும் 13 ஆம்ஸை ரெண்டரை ஸ்கொயர் தாராளமாகத் தாங்கும். உருகாது, எரியாது. ஆனால் அந்தப் பதிலில் கேபிளின் நீளம் எங்கேயும் வரவில்லை. 20 மீட்டருக்கும் அதே பதில், 250 மீட்டருக்கும் அதே பதில். போர் விஷயத்தில் நீளம்தான் எல்லாமே.

நான் பார்ப்பது இவற்றை:

- வோல்டேஜ் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், கேபிளில் விழுந்தது போக மோட்டாரின் வாயில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது?
- கேபிள் சூடாகி எத்தனை வாட் வீணாகிறது, அதற்குக் காசு கொடுப்பது யார்?
- எத்தனை கிலோ செம்பு வாங்குகிறோம்?
- இன்னும் 200 அடி இறக்க வேண்டி வந்தால் இதே கேபிள் உதவுமா?

முதல் கேள்விதான் பெரியது. மற்றவை அதற்கு அப்புறம்.

## கணக்கு

ஓம் = வோல்ட் ÷ ஆம்ஸ். எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கேபிளுக்கும் ஓம் உண்டு. தரமான மென்கம்பிச் செம்புக் கேபிளில் ஒரு கோர் (கேபிளுக்குள் தனித்தனியாக ஓடும் கம்பிகளில் ஒன்று), ஒரு கிலோமீட்டருக்கு, 20 டிகிரியில் இதற்கு மேல் இருக்கக் கூடாது: 2.5 ஸ்கொயருக்கு 7.98 ஓம், 4க்கு 4.95, 6க்கு 3.30, 10க்கு 1.91. சூடானால் இது கூடும்; 50 டிகிரிக்குப் போனால் 12 சதவீதம் அதிகம்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வேண்டிய சூத்திரங்கள் (பவர் ஃபேக்டர் என்பது, வோல்ட்டையும் ஆம்ஸையும் பெருக்கி வருவதில் உண்மையில் வாட்டாக மாறும் பங்கு):

- மோட்டார் எடுக்கும் வாட் = 1.73 × வோல்ட் × ஆம்ஸ் × பவர் ஃபேக்டர்
- கேபிளில் விழும் வோல்ட் = 1.73 × ஆம்ஸ் × ஒரு கோரின் ஓம் × பவர் ஃபேக்டர்
- கேபிளில் வீணாகும் வாட் = 3 × ஆம்ஸ் × ஆம்ஸ் × ஒரு கோரின் ஓம்

கடைசி வரியில் ஆம்ஸ் ரெண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். மோட்டாரை 5லிருந்து ஏழரை ஆக்கியபோது எங்கள் ஆம்ஸ் எட்டரையிலிருந்து 13 ஆனது, ஒன்றரை மடங்கு. நீளம் 177 மீட்டரிலிருந்து 250 ஆனது, 1.4 மடங்கு. விழும் வோல்ட் 17லிருந்து 36 ஆகிவிட்டது, அதாவது ரெண்டு மடங்குக்கு மேல். வீணாகும் வாட் 306லிருந்து 1,010 ஆனது, மூன்று மடங்குக்கு மேல். கம்பி மட்டும் அதே கம்பி.

ஒரு இடத்தில் பலர் சறுக்குவார்கள். மோட்டாருக்குப் போகும் வோல்ட்டை ஆம்ஸால் வகுத்து "காயிலின் ஓம்" என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு ஃபேஸுக்கு 240 வோல்ட், 13 ஆம்ஸ் என்றால் பதினெட்டரை வரும். காயிலில் மீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டும். ஓடும் மோட்டார் தானே எதிர் வோல்டேஜை உண்டாக்கி ஆம்ஸைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் அந்த வகுத்தல் அங்கே செல்லாது. கேபிளுக்கும் ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும்தான் அது அப்படியே பொருந்தும். அதேபோல வோல்ட்டையும் ஆம்ஸையும் வெறுமனே பெருக்கி மோட்டாரின் வாட் என்று சொல்வதும் தப்பு. பவர் ஃபேக்டர் போட வேண்டும். போர் மோட்டாருக்கு நான் 0.8 என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆம்ஸை மோட்டார்ப் பலகையில் பார்க்கலாம். அதைவிட, எலக்ட்ரீசியனை விட்டு ஸ்டார்ட்டரில் கிளாம்ப் மீட்டர் மாட்டி எடுப்பது மேல். 415 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை, பழக்கமில்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

## ஒரே போர், ஐந்து கேபிள்

மோட்டார் ஏழரை எச்பி, 13 ஆம்ஸ். 700 அடி என்பது 213 மீட்டர். ஸ்டார்ட்டர் ரூம் வரைக்கும் சேர்த்து 250 மீட்டர். "லோ வோல்டேஜ்" என்று உள்ள நிரல், ஸ்டார்ட்டரில் 380 வோல்ட்தான் வந்து ஆம்ஸ் 15க்கு ஏறும் நேரத்துக்கான கணக்கு. கடைசி வரிசையில் உள்ள ஸ்டார் டெல்டா என்பது, மோட்டாரை ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, வேகம் எடுத்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டும் முறை.

| கேபிள் | ஒரு கோர் ஓம் | விழும் வோல்ட் (13 ஆம்ஸ்) | வீணாகும் வாட் (13 ஆம்ஸ்) | லோ வோல்டேஜில் மோட்டாருக்கு மிஞ்சுவது | செம்பு எடை |
|---|---|---|---|---|---|
| 2.5 ஸ்கொயர் | 2.0 | 36 | 1,010 | 339 வோல்ட் | 17 கிலோ |
| 4 ஸ்கொயர் | 1.24 | 22 | 630 | 354 வோல்ட் | 27 கிலோ |
| 6 ஸ்கொயர் | 0.83 | 15 | 420 | 363 வோல்ட் | 40 கிலோ |
| 10 ஸ்கொயர் | 0.48 | 9 | 240 | 370 வோல்ட் | 67 கிலோ |
| ரெண்டு 2.5 கேபிள், ஸ்டார் டெல்டா | 2.0 | 24 | 670 | 352 வோல்ட் | 34 கிலோ |

415 வோல்ட் மோட்டார், 15 சதவீதக் குறைவு வரை தாங்கும் என்று வைத்துக்கொண்டால் கோடு 353இல் விழுகிறது. உங்கள் மோட்டார்ப் பலகையில் 380 என்று இருந்தால் கோடு இன்னும் கீழே போகும். அந்த எண்ணை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

## ரெண்டரை ஸ்கொயர்

இந்த 700 அடி போருக்கு இது ஆகாது. மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும். 339 வோல்ட்டில் அது மூன்றில் ரெண்டு பங்குதான். பம்ப் அதே தண்ணீரைத் தூக்கச் சொல்லும், மோட்டார் அதிக ஆம்ஸ் இழுக்கும், ஆம்ஸ் ஏறினால் கேபிளில் இன்னும் வோல்ட் விழும். இப்படியே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய்க் காயிலில் முடியும். மாலையில் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும் நேரத்தில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசியாக இருக்கிற தோட்டத்தில்தான் இது முதலில் தெரியும்.

ஆனால் ரெண்டரையைக் குறை சொல்லிவிட முடியாது. 400 அடி, 5 எச்பி, மொத்தம் 140 மீட்டர் என்றால் விழுவது 13 வோல்ட், அதாவது 3 சதவீதம். அங்கே நாலு ஸ்கொயர் போடுவது காசைக் குழிக்குள் போடுவதுதான். பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு ஓடுவது இதனால்தான்.

## நாலு ஸ்கொயர்

எங்கள் பக்கம் பெரும்பாலும் போடுவது இதைத்தான். அட்டவணையில் 354 வோல்ட், கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்து, 400 வோல்ட்டுக்குக் கீழே போகாத தோட்டமாக இருந்தால் ஏழரை எச்பிக்கு இது போதும். மேலே சொன்ன 12 சதவீதச் சூட்டையும் சேர்த்தால் ரெண்டு மூன்று வோல்ட் இன்னும் குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது. கேபிளின் கீழ்ப்பகுதி தண்ணீரில் குளிர்ந்து கிடக்கும். மேல்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நாலு ஸ்கொயரில் மறைந்திருக்கும் செலவு, நாளைக்கு 900 அடிக்கு இறக்கும்போது வரும். 60 மீட்டர் சேர்த்தால் கணக்கு கோட்டைத் தாண்டிவிடும், மொத்தக் கேபிளையும் மாற்ற வேண்டும்.

## ஆறு ஸ்கொயர்

நாலுக்கும் ஆறுக்கும் நடுவே 13 கிலோ செம்பு. கேபிள் விலை முக்கியமாகச் செம்பின் எடையைத் தொட்டுத்தான் போகிறது, அதனால் அன்றைய செம்பு விலையால் 13ஐப் பெருக்கினாலே கூடுதல் செலவு உத்தேசமாகத் தெரிந்துவிடும். பதிலுக்குக் கிடைப்பது 210 வாட் மிச்சம், 7 வோல்ட் மோட்டாருக்குக் கூடுதல்.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வேறுமாதிரி ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் அந்த 210 வாட் கிட்டத்தட்ட 380 யூனிட். கோழிப்பண்ணைக்கோ, நார் மில்லுக்கோ, சாயப்பட்டறைக்கோ போர் ஓட்டுகிறவருக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடம் 3,000 ரூபாய். சில வருடங்களில் கூடுதல் செம்பின் காசு திரும்பிவிடும். அவர் யோசிக்காமல் ஆறு போடலாம்.

விவசாயிக்கு அந்த 3,000 ரூபாய் பில்லில் வராது. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டு வண்டிகளைக் கோவைச் சாலைகளில் கொண்டுவந்து நிறுத்தியதெல்லாம் கரண்ட் கட்டணத்துக்காகத்தான்; 1990இல் விவசாயத்துக்குக் கட்டணமே இல்லை என்று ஆனது. நல்லதுதான். ஆனால் பில் வராததால் கேபிளில் 1,000 வாட் வீணாவது யார் கண்ணுக்கும் படுவதில்லை. அந்த இழப்பு வேறு வழியாக வந்து நிற்கும்: காயில் கட்டும் கூலி, மோட்டாரை மேலே எடுக்க வண்டி வாடகை, அந்த நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் வாடும் வாழை. அதனால் தோட்டத்துக்காரர் யூனிட் கணக்கை விட்டுவிட்டு வோல்ட் கணக்கை மட்டும் பார்த்தால் போதும். லோ வோல்டேஜ் தோட்டத்தில் அந்தக் கணக்கும் ஆறு ஸ்கொயர் பக்கமே சாய்கிறது.

## பத்து ஸ்கொயர்

ஏழரை எச்பிக்குத் தேவையில்லை. ஆறிலிருந்து பத்துக்குப் போக 27 கிலோ செம்பு, கிடைப்பது 6 வோல்ட். 1,000 அடியில் 10 எச்பி என்றால் மட்டும் இதை எடுக்கலாம்: 330 மீட்டர், 17 ஆம்ஸ். ஆறு ஸ்கொயரில் அங்கே 26 வோல்ட் விழும், பத்தில் 15.

## ரெண்டு கேபிள் ஸ்டார் டெல்டா

இதைப் பலர் கேபிள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வருகிறதா, ஆறு ஒயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு என்றால் ரெண்டு கேபிள் கீழே போக வேண்டும். டெல்டாவில் ஓடும்போது ஒவ்வொரு கோரிலும் 13 ஆம்ஸுக்குப் பதில் ஏழரை ஆம்ஸ்தான் போகும். நான் போட்டுப் பார்த்ததில் கிடைத்த சுலபமான விதி: ரெண்டு கேபிள் போட்டால் அது அதே சைஸைப் போல ஒன்றரை மடங்கு உள்ள ஒற்றைக் கேபிளுக்குச் சமம். ரெண்டு ரெண்டரை என்றால் மூணேமுக்கால், அதாவது நாலு ஸ்கொயரைவிடக் கொஞ்சம் மட்டம். ரெண்டு நாலு என்றால் சரியாக ஆறு.

செம்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம் போகும், ஸ்டார்ட்டர் விலையும் கூடுதல். கைம்மாறாக, கிளம்பும்போது இழுக்கும் ஆம்ஸ் நேரடி ஸ்டார்ட்டரில் இழுப்பதில் மூன்றில் ஒன்றாகிவிடும். மோட்டார் போடும்போது வீட்டு லைட் மங்கி, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் டிரிப் ஆகிற இடமென்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எடுக்கலாம். அந்தத் தொந்தரவு இல்லாத இடத்தில் நான் ஒற்றை ஆறு ஸ்கொயரைத்தான் எடுப்பேன். குழாயோடு கட்டி இறக்கும்போது ரெண்டு கேபிள் என்றால் கேசிங்கில் உரசித் தோல் கிழியவும் ரெண்டு வாய்ப்பு.

## தரைக்கு மேலே அலுமினியம்

போர் தோட்டத்தின் ஒரு மூலையிலும் மீட்டர் இன்னொரு மூலையிலும் இருந்தால் அந்த 150 மீட்டருக்குச் செம்பு கட்டாது. 16 ஸ்கொயர் அலுமினியத்துக்கும் 10 ஸ்கொயர் செம்புக்கும் ஓம் ஒன்றுதான், கிலோமீட்டருக்கு 1.91. எடையும் விலையும் குறைவு. கூடுதல் கவனம் முனையில் மட்டும்: அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடம் அரித்து, லூஸாகி, அதற்கென்று ஒரு தனி ஓம் முளைத்துவிடும். ரெண்டு உலோகத்துக்கும் பொதுவான லக் (கம்பி முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டு) போட்டு இறுக்க வேண்டும். போருக்குள் அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, நீலகிரியிலிருந்து கோவை மில்களுக்குக் கம்பி இறங்கியபோதும் இதே பிரச்சினைதான். அவர்கள் வோல்ட்டை ஏற்றி ஆம்ஸைக் குறைத்துச் சமாளித்தார்கள். நமக்கு 415ஐ ஏற்ற வழியில்லை, கம்பியைத் தடிமனாக்குவது ஒன்றுதான் வழி.

## வாங்கினது நாலுதானா?

கணக்கெல்லாம் போட்டு நாலு ஸ்கொயர் வாங்கி, உள்ளே மூன்று இருந்தால்? எனக்கு ஒரு தடவை நடந்தது. கடைப் பெயர் வேண்டாம்.

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் இது பிடிபடாது, அதன் ஒயரே கால் ஓம் அரை ஓம் காட்டும். வோல்ட்டையும் ஆம்ஸையும் தனித்தனியாக அளந்து வகுப்பதுதான் சரி. டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரி, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு, சுருளில் உள்ள ஒரு கோர், மூன்றையும் வரிசையாக இணையுங்கள். மீட்டரை 10 ஆம்ஸ் துளையில் மாற்றி, வரிசையில் சேர்த்து ஆம்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மீட்டரை எடுத்துவிட்டு ஒயரைச் சேர்த்து, அந்தக் கோரின் ரெண்டு முனைக்கும் நடுவே வோல்ட்டைப் பாருங்கள். பல்பு இல்லாமல் பேட்டரியை நேராகக் கொடுக்காதீர்கள். 250 மீட்டர் நாலு ஸ்கொயருக்கு 3.2 ஆம்ஸ், 4 வோல்ட் பக்கம் வரும், வகுத்தால் 1.25. பேட்டரி கரண்ட்தான் இதற்குச் சரி. வீட்டுக் கரண்டில் சுற்றிக் கிடக்கும் சுருளே ஒரு காயில் மாதிரி நடந்து கணக்கைக் கெடுக்கும்.

எனக்கு 1.6 வந்தது. அதாவது நாலு என்று அச்சடித்த கேபிளில் 3.1 ஸ்கொயர் செம்பு. அல்லது நீளம் கூடுதலாக இருக்க வேண்டும், அப்படி யாரும் தாராளமாகக் கொடுப்பதில்லை. சுருளைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேட்டரியையும் பல்பையும் வண்டியிலேயே வைத்திருந்ததால் பேச்சு நீளவில்லை.

கடைசியில் நாங்கள் ஆறு ஸ்கொயரை ஒரே துண்டாக, ஜாயின்ட் இல்லாமல் இறக்கினோம். பழைய ரெண்டரையும் வீணாகவில்லை. தோட்டத்து வீட்டில் 300 அடி போரில் ஒன்றரை எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருக்கிறது, 10 ஆம்ஸ். 100 மீட்டர் கேபிளுக்குப் போக 0.8, வர 0.8, மொத்தம் 1.6 ஓம், விழுவது 16 வோல்ட், வீணாவது 160 வாட். நாலு ஸ்கொயர் போட்டிருந்தால் 60 வாட் மிச்சமாகியிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிற மோட்டாருக்கு அது வருடத்தில் 22 யூனிட்தான். பழைய கேபிளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.